ஓட்டு வீடல்ல, ஷீட் வீடு: ஒரு புனரமைப்பில் வந்த அபாயகரக் கழிவு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென்புறநகரில் 1978இல் கட்டப்பட்ட வீடு. கீழ்த்தளம் கான்கிரீட். மாடியில் பின்னாளில் எழுப்பிய இரண்டு அறைகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. பல வருடம் வாடகைக்கு விட்டிருந்த இந்த மாடியை இடித்துவிட்டு முறையான கான்கிரீட் தளம் போடுவது உரிமையாளரின் திட்டம். கீழே அவரும் மனைவியும் மகன் குடும்பமும் இருந்தார்கள். வீட்டில் 3 வயதுக் குழந்தை உண்டு. வேலை நடக்கும்போதும் கீழேயே தங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

இடிப்பு வேலை மொத்தக் குத்தகைக்குப் பேசப்பட்டது. இடிப்பது, ரப்பிஷ் அள்ளுவது, வண்டி வாடகை எல்லாம் ஒரே தொகை. நல்ல மரமும் இரும்பும் மேஸ்திரிக்கு. புறநகரில் பெரும்பாலான வீட்டு வேலை இப்படித்தான் பேசப்படுகிறது, அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒன்று தானாகவே முடிவாகிவிடுகிறது: எது எவ்வளவு சீக்கிரம் கீழே விழுகிறதோ அவ்வளவுக்கு மேஸ்திரிக்கு லாபம். பிரித்து இறக்குவதற்குக் கூலி எங்கும் எழுதப்படவில்லை. இந்த ஆய்வில் வரும் சிக்கல்களில் பாதி அந்தக் குத்தகைத் தாளில் தொடங்கியவை.

கூரையில் இருந்தவை 3 மீட்டர் நீளமுள்ள 24 நெளிவு ஷீட்டுகள். 6 மி.மீ. தடிமனுள்ள இந்த வகை ஷீட் ஒன்று ஏறத்தாழ 42 கி.கி. இருக்கும். ஆக மொத்தம் சுமார் 1 டன்.

முதல் நாள்

2023 ஜூன் மாதம் வேலை தொடங்கியது. ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு கொக்கி போலப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகள் துருப்பிடித்து நட்டு சுழல மறுத்ததால், ஆட்கள் ஷீட்டின் மேல் ஏறி நின்று கட்டிங் மெஷினால் போல்ட் தலைகளை அறுத்தார்கள். பிளேடு போல்ட்டோடு ஷீட்டின் முகட்டையும் சேர்த்து அறுத்தது. கழன்ற ஷீட்டைத் தூக்கி இறக்காமல் பின்புறக் காலியிடத்தில் தள்ளிவிட்டார்கள். அதே இடத்தில் காலையிலேயே கைப்பிடிச் சுவரை இடித்துப் போட்ட செங்கல் குவியல் கிடந்தது. பிற்பகலுக்குள் 7 ஷீட் அந்தக் குவியல் மேல் விழுந்து நொறுங்கியது.

துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு அம்மா தன் கொடியில் சாம்பல் நிறத் தூசு படிவதைப் பார்த்துச் சத்தம் போட்டார். மேஸ்திரி சொன்ன பதில்: "நாப்பது வருஷமா இதத்தான் சார் பண்றோம், ஒண்ணும் ஆகல." உரிமையாளரின் உறவினர் ஒருவர் தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தவர். அவரிடம் தொலைபேசியில் கேட்டதும் வேலையை நிறுத்தச் சொன்னார். அப்போது குவியலின் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி புறப்படத் தயாராக நின்றது. போகவிருந்த இடம் ஏரிக்கரையை ஒட்டிய பள்ளம். ஏற்றியதை அப்படியே திரும்ப இறக்கவைத்தார்கள். அந்த நாளில் எடுத்த முடிவுகளில் மிக முக்கியமானது இதுதான். லாரி போயிருந்தால் மீட்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மேஸ்திரி சொன்னதற்குப் பதில் எளிது. ஷீட்டின் சிமென்டில் கலந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற மெல்லிய கனிம இழையைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய்களும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வெளிப்பட 20 முதல் 40 வருடம் எடுத்துக்கொள்ளும். நோய் வரும்போது அந்த ஆள் வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பார். எந்தக் கூரையில் சுவாசித்தார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

நேரில் பார்த்தபோது

மறுநாள் காலை உறவினர் வந்து பார்த்தார். உடைந்த ஒரு துண்டின் விளிம்பை நனைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்ததில் சிமென்டுக்கு வெளியே வெள்ளை இழைக் கற்றைகள் பிரிந்த நூல் நுனி போல நீட்டிக்கொண்டிருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத நார் சிமென்ட் ஷீட்டுகளும் இப்போது சந்தையில் உண்டு, வெறும் கண்ணால் இரண்டையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கூரையின் வயதுக்கும் ஷீட்டில் அழிந்தும் அழியாமலும் தெரிந்த ஐ.எஸ். 459 முத்திரைக்கும் பிறகு ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று கருதப்பட்டது. அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் நெளிவு ஷீட்டுக்கான இந்தியத் தர எண். சந்தேகம் இருந்தால் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வது இதில் மலிவான வழியும்கூட.

ஆபத்தின் அளவையும் அன்றே நிதானமாகப் பேசினார்கள். முழு ஷீட்டில் இழை சிமென்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. கூரையில் சும்மா இருக்கும் ஷீட் பெரிய அபாயம் இல்லை. அறுப்பது, உடைப்பது, துடைப்பத்தால் பெருக்குவது, உயரழுத்தத் தண்ணீரால் கழுவுவது ஆகியவைதான் இழையைக் காற்றில் விடுகின்றன. ஒரு பிற்பகல் தூசு பட்ட பக்கத்து வீட்டாருக்கு வரும் கூடுதல் ஆபத்து சிறியது, ஆனால் பூஜ்யம் என்று யாரும் எழுதித் தர முடியாது. உண்மையான கவலை ஆட்களைப் பற்றியது: நாளை வேறு கூரை, மறுநாள் இன்னொன்று.

ஷீட்டோடு நிற்காமல் வீட்டை முழுதும் சுற்றிப் பார்த்ததில் வேறு மூன்று வகைச் சரக்கும் தெரிந்தது. மாடியின் 8 மர ஜன்னல்களிலும் பல அடுக்குப் பழைய எனாமல் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. பரணில் டியூப்லைட்டுகள், பெயிண்ட் டின்கள், தின்னர், பூச்சிமருந்து. மாடிப்படியடியில் செத்துப்போன ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி. எல்லாமே குத்தகைப்படி அதே லாரியில் போகவிருந்தவை.

ஷீட்டை எடுக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கூரை நல்ல நிலையில் இருந்து, வெயில் தாங்கவில்லை, ஒழுகுகிறது என்பது மட்டும் பிரச்சினை என்றால் எடுக்காமலிருப்பதே சிறந்த அகற்றல். மேலே பூச்சு பூசலாம், அல்லது தனிச் சட்டம் கட்டி உலோக ஷீட் போர்த்தலாம். இங்கே கான்கிரீட் தளம் வர வேண்டியிருந்ததாலும் ஏற்கெனவே 7 ஷீட் போய்விட்டதாலும் அந்த வழி அடைபட்டது.

இரண்டாவது யோசனையை மேஸ்திரி கொண்டுவந்தார். முழு ஷீட்டுக்கு வாங்க ஆள் இருக்கிறது, மாட்டுக்கொட்டகைக்கும் தள்ளுவண்டிக் கடைக்கும் போகும் என்றார். உண்மைதான். பழைய ஷீட் விற்பனை சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லவும் முடியாது, புது ஷீட்டே இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்று முடிவானது. 40 வருடம் மழை வெயில் பட்ட ஷீட்டின் மேற்பரப்பில் சிமென்ட் கரைந்து இழை வெளித்தெரிய ஆரம்பித்திருக்கும். வாங்குபவர் அதை அளவுக்கு அறுப்பார், புதுத் துளை போடுவார். தீப்பிடித்தால் இந்த ஷீட் வெடித்துச் சிதறும், குடிசைத் தீவிபத்துகளில் கேட்கும் படபடச் சத்தம் அதுதான். விற்பது கழிவை அகற்றுவது ஆகாது, முகவரி மாற்றுவது.

உடைந்த குவியல்

மிகவும் கடினமான பகுதி இதுதான். 7 ஷீட்டின் எடை 300 கி.கி.க்கும் குறைவு. அது விழுந்த செங்கல், காரை, மண் எல்லாம் சேர்த்துக் குவியல் சுமார் 2 டன். தனியாக இருந்திருந்தால் 300 கிலோவாக இருக்க வேண்டிய அபாயகரக் கழிவு, கலந்த ஒரே காரணத்தால் 2 டன் ஆகிவிட்டது.

முதலில் குவியலைத் தொடாமல் நனைத்தார்கள். புதிதாக வாங்கிய 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானில் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மென்சாரலாகத் தெளித்தார்கள். வெறும் தண்ணீர் தூசின் மேல் உருண்டு ஓடிவிடும், சோப்பு கலந்தால்தான் உள்ளே இறங்கும். வயலில் பூச்சிமருந்து அடித்த தெளிப்பானைக் கடன் வாங்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஹோஸ் குழாயின் வேகமும் கூடாது, அது தூசைக் கிளப்பிச் சேற்றைச் சாக்கடைக்கு ஓட்டிவிடும். குவியலைச் சுற்றி பாலித்தீன் விரித்து, ஓரத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, வடிந்த நீரைத் தடுத்தார்கள். அதில் தங்கிய சேறும் பிறகு மூட்டையில்தான் போனது.

பிறகு மூன்று பிரிவாகப் பொறுக்கினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஷீட் துண்டு ஒரு பக்கம். முழுச் செங்கலையும் பெரிய காரைக் கட்டியையும் ஈரத்துணியால் துடைத்து இன்னொரு பக்கம். மீதியுள்ள பொடியும் சிறுசல்லியும் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கழிவாகவே கணக்கிடப்பட்டது. முதலாவதும் மூன்றாவதும் உள்ளே பாலித்தீன் பையிட்ட பிளாஸ்டிக் கோணியில் போயின. கூரான துண்டுகள் பையைக் கிழிப்பதால் ஒரு கோணிக்கு 25 கிலோவுக்கு மேல் இல்லை. காற்றை அழுத்தி வெளியேற்றாமல், பையின் வாயைத் திருகி, மடித்து, டேப் சுற்றினார்கள். அழுத்தினால் பைக்குள் இருக்கும் தூசு கட்டுபவர் முகத்தில்தான் வரும்.

மொத்தம் 36 மூட்டை, அதாவது சுமார் 900 கி.கி. துடைத்த செங்கல் கட்டட இடிபாடாகச் சென்றது. இந்தப் பிரிப்பில் ஒரு பலவீனம் உண்டு. துடைத்த செங்கல்லில் இழை இல்லை என்பது கண்பார்வை முடிவு மட்டுமே, ஆய்வகச் சோதனை நடக்கவில்லை. குவியல் முழுவதையும் மூட்டை கட்டியிருந்தால் கேள்விக்கே இடமில்லை. 80 மூட்டையை வைக்க இடமில்லாததால் இப்படி முடிவானது.

மீதி 17 ஷீட்

முறை அடியோடு மாறியது. யாரும் கூரை மேல் ஏறவில்லை. பழைய ஷீட் ஆள் எடை தாங்காது, நனைந்தால் வழுக்கவும் செய்யும். இந்த வேலையில் இழையைவிட விரைவாக உயிரைப் பறிப்பது ஷீட் உடைந்து கீழே விழுவதுதான். அறைக்குள் சாரம் கட்டி, தலை மட்டும் கூரைக்கு அருகில் வரும் உயரத்தில் பலகை போட்டு, கீழிருந்தே வேலை நடந்தது.

கட்டிங் மெஷின் தளத்திலிருந்தே அப்புறப்படுத்தப்பட்டது. 30 அங்குல போல்ட் கட்டரால், ஷீட்டுக்கு அடியில், இரும்பு ஆங்கிளைப் பற்றியிருக்கும் ஜே வளைவை நறுக்கினார்கள். மேலே நட்டும் வாஷரும் ஷீட்டோடு அப்படியே வந்துவிடும், ஷீட்டில் உலோகம் உராய்வதே இல்லை. நறுக்குவதற்கு முன் மேலும் கீழும் தெளிப்பு. உச்சி வரிசையிலிருந்து தொடங்கி, ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும் பக்க மடிப்பைப் பார்த்து, கடைசியாகப் போட்டதை முதலில் எடுத்தார்கள். அந்த வரிசையை மாற்றினால் மடிப்பில் மாட்டிக்கொண்டு நெளிவின் நுனி உடையும். முதலில் எடுத்த ஷீட்டில் அப்படி ஒரு நுனி உடையவும் செய்தது. இரண்டு சவுக்குக் கழிகளைச் சரிவாகச் சாத்தி, மேலே இருவர் கயிறு விட, கீழே இருவர் ஏந்திக்கொள்ள, ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

தரையில் 200 மைக்ரான், கடைக்காரர் கணக்கில் 800 கேஜ், பாலித்தீன் ஏற்கெனவே விரித்திருந்தது. இரண்டிரண்டு ஷீட்டாக அடுக்கி, இரண்டு சுற்று போர்த்தி, எல்லா மடிப்பிலும் பட்டை டேப் ஒட்டினார்கள். இரண்டு ஷீட் 84 கி.கி., நால்வர் நைலான் பட்டை கொடுத்துத் தூக்கும் அளவு. அதற்கு மேல் சேர்த்தால் ஏற்றும்போது யாராவது ஒரு முனையை நழுவவிடுவார்கள். இப்படி 8 கட்டும் ஒற்றை ஷீட்டாக ஒரு கட்டும் வந்தன. ஒவ்வொன்றிலும் அழியாத மையில் "ஆஸ்பெஸ்டாஸ் கழிவு – உடைக்காதே, பிரிக்காதே" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதினார்கள். ஆட்களில் பாதிப் பேர் வடமாநிலத்தவர்.

முகமூடி விஷயத்தில் துணியும் மருந்துக்கடை மாஸ்க்கும் பயனற்றவை. மிக நுண்ணிய தூசையும் தடுக்கும் பி100 வகை வடிகட்டி பொருத்திய, மூக்கையும் வாயையும் மூடும் அரை முகமூடி 4 வாங்கப்பட்டது. முகத்தோடு ஒட்டினால்தான் அது வேலை செய்யும். தாடி வைத்திருந்த ஒருவரைத் தரை வேலையிலிருந்தும் விலக்கி, வெளியே வண்டிப் பக்கம் போட்டார்கள். ஒருமுறை அணியும் முழு அங்கியோடு ஜூன் வெயிலில் வேலை செய்வது தனி அபாயம். காலை 6:30 முதல் 10:30 வரை மட்டும் வேலை, 45 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை, இடைவேளைக்கு முன் அங்கியை நனைத்து உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றுவது, முகமூடியைக் கடைசியாகக் கழற்றுவது. மாடிக் குளியலறை குழாயை இடிக்காமல் விட்டுவைத்தது ஆட்கள் அங்கேயே குளித்துவிட்டுப் போக உதவியது. தூசு படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போனால் மனைவியும் குழந்தையும் அதே இழையைச் சுவாசிப்பார்கள். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் உலகெங்கும் பதிவான நோய்வழி அது.

கடைசியில் தரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். துடைப்பமும் வீட்டு வேக்குவம் கிளீனரும் கூடாது. சாதாரண வேக்குவத்தின் பை இந்த இழையைப் பிடிக்காமல் அறை முழுக்க ஊதிவிடும். துணி, அங்கி, வடிகட்டி எல்லாம் இன்னும் 2 மூட்டை. ஒரு நாளில் முடிய வேண்டியது 3 காலைகள் எடுத்தது. கூடுதல் கூலியை உரிமையாளர் தனியாகக் கொடுத்தார். அதற்குப் பிறகு மேஸ்திரியிடமிருந்து எதிர்ப்பு ஏதும் வரவில்லை.

ஜன்னல்கள்

பழைய எனாமலின் கீழடுக்குகள் மஞ்சளும் பச்சையும். ஈய குரோமேட் சேர்த்துச் செய்த நிறங்கள் இவை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எண்ணெய்ப் பெயிண்டை ஈயம் உள்ளதாகவே கருதுவது நல்லது. எல்லா அடுக்கும் சேரச் சுரண்டிய ஒரு செதில் ஆய்வகத்துக்குப் போனது. முடிவு 10,000 பிபிஎம்முக்கு மேல்.

பெயிண்டர் வழக்கமாகச் செய்யவிருந்தது ப்ளோ லேம்ப் என்ற தீப்பீய்ச்சும் விளக்கால் சுட்டுச் சுரண்டி, மெஷினால் உலர்வாகத் தேய்ப்பது. இரண்டுமே ஈயத்தைச் சுவாசிக்கும் வடிவத்துக்கு மாற்றும். குழந்தைக்குச் செதிலைவிட அந்தத் தூசு மோசம். தரையில் படிந்து, கையில் ஒட்டி, வாய்க்குப் போகும். மாடி ஜன்னல்களைச் சுரண்டவே இல்லை, சட்டத்தோடு முழுசாகப் பெயர்த்தார்கள். பெயர்ப்பதற்கு முன் தளர்ந்த செதில் மேல் தண்ணீர் தெளித்து, கீழே விரிப்பு போட்டு, தானாக உதிர்ந்ததை மட்டும் சேர்த்தார்கள். மூடியுள்ள டின்னில் சுமார் 4 கி.கி. கீழ்த்தள ஜன்னல்களில் ஒன்றோடொன்று உரசும் விளிம்புகளை மட்டும் நனைத்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்து, புதுப் பெயிண்ட் அடித்தார்கள். நன்றாக ஒட்டியிருந்த பரப்பைத் தொடவில்லை. முழுக்கச் சுரண்டி 'சுத்தமாக' அடிப்பதுதான் நல்ல வேலை என்று பெயிண்டர்கள் நினைப்பது இயல்பு. ஈயப் பெயிண்ட் விஷயத்தில் அந்த நல்ல வேலைதான் தூசை உண்டாக்குகிறது.

பெயர்த்த மரம் யாருக்கு? தேக்குச் சட்டங்களைச் சுரண்டாமல் மேலே பெயிண்ட் அடித்துப் பின்கட்டில் மீண்டும் பொருத்தினார்கள். நாட்டு மர ஜன்னல் கதவுகள், சுமார் 60 கி.கி., வழக்கமாக விறகுக் கடைக்குப் போகும். அங்கிருந்து டீக்கடை அடுப்புக்கோ இஸ்திரி வண்டிக்கோ வெந்நீர் அண்டாவுக்கோ போகும். மரம் எரிந்தாலும் ஈயம் எரியாது, புகையிலும் சாம்பலிலும் வெளியேறும். அந்தச் சாம்பலால் பாத்திரம் தேய்ப்பவர்களும் உண்டு. ஆகவே அவற்றைப் பாலித்தீனில் சுற்றி ஷீட் கட்டுகளோடு வைத்தார்கள். கம்பி கிரில்கள் காயலான் கடைக்குப் போயின, கேஸ் கட்டரால் அறுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு. அந்த எச்சரிக்கை கடையில் காப்பாற்றப்பட்டதா என்பதை யாரும் தொடரவில்லை.

குழந்தை முதல் நாள் மாலையே தாய்வழிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டது. மூன்று வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு, உலகச் சுகாதார நிறுவனம் நடவடிக்கை தேவை என்று சொல்லும் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தது. இந்த ஒரு எண்ணை வைத்து வேலை பாதுகாப்பாக நடந்தது என்று சொல்ல முடியாது, வேலைக்கு முன் எடுத்த அளவு கையில் இல்லை.

பரணில் இருந்தவை

4 அடி டியூப்லைட் 14. இரண்டு ஏற்கெனவே உடைந்தவை. முழுசாக இருந்த 12ஐயும் 4 அங்குல பிவிசி குழாயை நாலரை அடிக்கு வெட்டி, ஒரு குழாய்க்கு 4 வீதம் செருகி, இரு முனையிலும் மூடி போட்டார்கள். டியூப்லைட்டைச் சாக்கில் கட்டி அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் பாதரசம் வெளியேறிவிடும், இந்தக் குழாய் அதைத் தடுக்கும். உடைந்ததன் கண்ணாடியையும் வெள்ளைப் பொடியையும் ஜன்னலைத் திறந்து கால்மணி நேரம் விட்டபின், அட்டையால் வழித்து, மீதியை டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தார்கள்.

ஒரு டப்பாவில் கமாக்சின் பொடி. ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் கறையானுக்கும் எறும்புக்கும் தூவியது. பிஎச்சி என்ற இந்த மருந்து 1997இல் தடை செய்யப்பட்டது, ஆனால் பரணுக்குத் தடை தெரியாது. தென்னைமரத் தூரில் புதைத்துவிடலாம் என்றார் வீட்டுப் பெரியவர். மண்ணில் எளிதில் சிதையாத மருந்து அது, கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது. டப்பாவைத் திறக்காமல் இரண்டு பையிலிட்டு மூடியுள்ள வாளிக்குள் வைத்தார்கள். பெயர்ச்சீட்டு இல்லாத இன்னொரு பாட்டிலும் அதே வாளியில், மரத்தூளுக்கு நடுவில் நிமிர்த்தி. அதை முகர்ந்து பார்க்க ஒருவர் மூடியைத் திருகத் தொடங்கியிருந்தார், தடுத்தார்கள். தெரியாத பாட்டிலை முகர்வதும் இன்னொன்றோடு சேர்த்து ஊற்றுவதும் அறவே கூடாதவை.

எனாமல் டின்களில் தயாரிப்புத் தேதி 2017 நவம்பருக்குப் பிந்தையதைக் கேட்டுக்கு அடித்துத் தீர்த்தார்கள், முந்தையதைக் கழிவில் சேர்த்தார்கள். மீந்த எமல்ஷனில் மரத்தூள் கொட்டிக் கிளறி, கெட்டியானபின் உலர்கழிவாகப் போட்டார்கள். பிரஷ் கழுவிய தின்னரை இரவு முழுதும் தெளியவிட்டு, மேல்தெளிவை அடுத்த கழுவலுக்கு எடுத்துக்கொண்டு, அடிவண்டலை மட்டும் டின்னில் அடைத்தார்கள். பேட்டரி புதிது வாங்கிய கடையிலேயே விலைக்கழிவோடு திரும்பப் போனது. இந்த ஒன்றுக்குத்தான் நம் ஊரில் வழி ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிறது, காரணம் அதில் பணம் இருக்கிறது.

எங்கே கொடுப்பது

பெயிண்ட் டின், பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், பேட்டரி ஆகியவற்றை அப்போது நடப்பிலிருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 'வீட்டு அபாயகரக் கழிவு' என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் அமைப்பது உள்ளாட்சியின் கடமை என்றும் அதே விதிகள் சொல்லின. இந்த வரியை அச்சிட்டு எடுத்துப் போனது பயன்பட்டது. வார்டு அலுவலகத்தில் முதலில் "குப்பை வண்டியிலயே போட்டுடுங்க" என்றவர்கள், எழுத்தில் கேட்டதும் பரண் சரக்கைப் பெற்றுக்கொண்டு ஒப்புகை கொடுத்தார்கள்.

ஷீட்டுக்கு அப்படி நேர்வழி இல்லை. அந்த வீட்டுக் கழிவுப் பட்டியலில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற சொல் இல்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் முதல் அட்டவணையின் 15ஆம் இனமாக ஆஸ்பெஸ்டாஸ் வருகிறது, ஆனால் அது ஆஸ்பெஸ்டாஸ் பொருளைத் தயாரிக்கும் தொழிலை ஒட்டிய பதிவு. வீட்டுக்காரர் இரண்டுக்கும் நடுவில் விழுகிறார். அலுவலர்கள் தட்டிக்கழித்ததாக உரிமையாளர் கோபப்பட்டது புரிகிறது, ஆனால் அவர்கள் தயங்கியதற்கும் காரணம் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த வகைக் கழிவைப் புதைக்கத் தகுதியான பொதுக் கிடங்குகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் விருதுநகர் மாவட்டம் உண்டுறுமிகிடாக்குளத்திலும் இருக்கின்றன. அடியில் களிமண்ணும் எச்.டி.பி.ஈ. என்ற கெட்டி பிளாஸ்டிக் விரிப்புமாக அடுக்கிய காப்புள்ள நிலநிரப்பு. பதிவு பெற்ற நிறுவனங்களின் கழிவுக்காக அமைந்தவை என்பதால் தனி ஒருவர் லாரியோடு போய் வாசலில் நிற்க முடியாது. ஒரு தரகர், தெரிந்த தொழிற்சாலையின் கணக்கில் சேர்த்து அனுப்பித் தருவதாகச் சொன்னார். மறுத்தார்கள். கழிவோடு போகும் படிவம் 10இல் கழிவை உண்டாக்கியவர் யார் என்று எழுத வேண்டும், அங்கே பொய் எழுதினால் வழியில் லாரி கவிழ்ந்தாலோ கேள்வி வந்தாலோ பொறுப்பு யாருடையது என்றே தெரியாமல் போகும்.

கடைசியில் உள்ளாட்சி ஆணையருக்கு எடை, மூட்டை எண்ணிக்கை, புகைப்படங்களோடு கடிதம் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு நகல் அனுப்பினார்கள். வீட்டு அபாயகரக் கழிவாக உள்ளாட்சியே ஒருமுறை ஏற்று, அனுமதி பெற்ற வண்டியில் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புவது என்று முடிவாக 11 வாரம் ஆனது. செலவு உரிமையாளருடையது.

விளைவு

9 கட்டு, 38 மூட்டை, மரக்கதவு எல்லாம் சேர்த்து 1.7 டன்னுக்குச் சற்று மேல் போனது. படிவம் 10இன் நகல் கிடங்கின் முத்திரையோடு திரும்பி வந்தது.

அந்த 11 வாரமும் சிக்கல் இல்லாமல் போகவில்லை. கட்டுகளைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்துத் தார்ப்பாய் மூடியிருந்தாலும், புதுத் தள வேலைக்கு வந்த ஆட்கள் தட்டையான இடம் என்று ஒரு கட்டின் மேல் சிமென்ட் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். பாலித்தீன் கிழிந்து ஒரு ஷீட் விரிசல் விட்டது. நனைத்து, மேலே இன்னொரு சுற்று போர்த்திச் சரிசெய்தார்கள். ஆகஸ்டு மழையில் ஓரத்து மூட்டைகள் 5இல் வெளிக்கோணி வெயிலும் மழையும் பட்டு இற்று, வேறு கோணிக்குள் வைக்க வேண்டிவந்தது. உள்பை தாங்கியது.

காற்றில் இழை அளவு எந்தக் கட்டத்திலும் அளக்கப்படவில்லை. முதல் நாள் வேலை செய்த 5 பேரில் இருவர் மறுநாளே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு விஷயம் சொல்லப்பட்டதா என்பது தெளிவில்லை.

மறுபடி செய்தால் மாறுவது

குத்தகைத் தாள்தான் முதலில் மாறும். ஷீட் இறக்குவது, ஜன்னல் பெயர்ப்பது, பொது இடிப்பு மூன்றும் தனித்தனி வரி, தனித்தனிக் கூலி. ஷீட்டுக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில், உடையாமல் இறங்கியதற்கு மட்டும். உடையாத ஷீட்டுக்குப் பணம் என்றால் எச்சரிக்கைப் பலகையே தேவையில்லை. ஷீட் இறங்கி, போர்த்தி, இடத்தைத் துடைக்கும் வரை கைப்பிடிச் சுவரில் ஒரு செங்கல்கூடப் பெயர்க்கப்படாது.

உள்ளாட்சிக்கான கடிதம் வேலை தொடங்கும் மூன்று மாதத்துக்கு முன்பே போகும், அப்போது கட்டுகள் கட்டுமானத் தளத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்கத்தான் வேண்டும் என்றால், கோணிக்குப் பதில் வெயில் தாங்கும் பெரிய பை, சுற்றிலும் கம்பி வலை, மேலே எதையும் வைக்க முடியாதபடி சாய்ந்த தகரம். துடைத்த செங்கல்லிலிருந்தும் அதன் அடிமண்ணிலிருந்தும் இரண்டு மாதிரிகளாவது ஆய்வகத்துக்குப் போகும். குழந்தை உள்ள வீடானால் முதல் ரத்தப் பரிசோதனை வேலைக்கு முன். வேலைக்கு வரும் ஒவ்வொருவரின் கைபேசி எண்ணும் முதல் நாள் காலையே எழுதி வாங்கப்படும்.